பராமரிப்பு என்கிற சொல்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும், "இன்னிக்கு மழைதான்" என்று நீ சொல்லியிருப்பாய். சொல்லிக்கொள். வெகுநாளாக எழுதவில்லை என்பது எனக்கும் தெரியும். சபை வேலை ஆளை முழுசாக விழுங்கிவிடுகிறது. போனில் பேசலாம் என்றால், இரண்டு நிமிடத்தில் நான் ஜெபம் பண்ண ஆரம்பித்துவிடுகிறேன் என்று போன தடவை வைத்துவிட்டாய்.

சபை வளர்ந்துவிட்டது, அக்கா. துணிக்கடைக்கு மேலே ஒற்றை அறையில் கூடிக்கொண்டிருந்தோமே, இப்போது மூடிப்போன ஒரு திரையரங்கை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். பாதி நாற்காலி உட்கார்ந்தால் பின்னால் சாய்ந்துவிடும். ஆனால் நிரம்பிவிடுகிறது. அடுத்த மாதத்திலிருந்து ஞாயிறுதோறும் 'தெய்வப் பராமரிப்பு' என்று தொடர்ந்து பேசப்போகிறேன். சபையை நடத்துகிற மூப்பர்கள் அதைப் புத்தகமாகப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். உன் தம்பி பெயர் போட்ட புத்தகம்!

அதற்குத்தான் உன் உதவி வேண்டும். பராமரிப்பு, பராமரிப்பு என்று நாளெல்லாம் சொல்கிறேன். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று ஒருவர் எழுந்து கேட்டால் விழிப்பேன். அகராதி அலுவலகத்தில் ஒரு அக்காவை வைத்துக்கொண்டு நான் ஏன் வெளியே தேட வேண்டும்? வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை ஆகிவிடும். கொஞ்சம் விளக்கமாக எழுது. மேடையில் சொல்வதற்கு ஏற்ற மாதிரி எழுது.

வாண்டு எப்படி இருக்கிறாள்? மூன்றாம் வகுப்பா, நான்காம் வகுப்பா? அப்பா தினமும் உனக்காக ஜெபிக்கிறேன் என்று அவளிடம் சொல்.

உன் அன்புத் தம்பி


பிப்ரவரி 21

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. மழை வரவில்லை, ஆனாலும் கடிதம் வந்ததில் சந்தோஷம். கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

உன் சொல் வடமொழியிலிருந்து வந்தது. அதன் வேருக்குத் தொடுதல், தடவுதல், கையால் பற்றுதல் என்று பொருள். தொட்டுத் தொட்டுப் பார்ப்பது நாளடைவில் ஆராய்வது ஆயிற்று. ஆராய்வது, விசாரிப்பது ஆயிற்று. விசாரிப்பது, காப்பாற்றுவது ஆயிற்று. பழைய அகராதிகளில் இந்தப் பொருள்கள் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. விசாரிப்பு என்ற சொல்லையும் பார். ஒருவரைப் பற்றிக் கேட்பதற்கும் அதே சொல், அவரைக் கவனித்துக்கொள்வதற்கும் அதே சொல். யாரோ ஒரு காலத்தில், கேட்காமல் காக்க முடியாது என்று நினைத்திருக்கிறார்கள். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: வடமொழியில் அதே சொல்லுக்கு மயிரைப் பிடித்து இழுத்தல் என்றும் ஒரு பொருள் உண்டு. தொடுகிற கைதானே இழுக்கவும் செய்யும். மேடைக்கு அது தோதுப்படாது என்று நினைக்கிறேன்.

எங்கள் அலுவலகத்தில் உன் சொல் லிஃப்ட் கதவில் தொங்குகிறது. 'பராமரிப்பில் உள்ளது.' மூன்று மாடி ஏறிப்போய்த்தான் இதையெல்லாம் உனக்குத் தேடினேன்.

இனி என் சங்கதி. வாண்டு நான்காம் வகுப்பு. அவளுக்குக் காது சரியில்லை. சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று டீச்சர் இரண்டு முறை கூப்பிட்டு விட்டார்கள். நானும் பிடிவாதம் என்றுதான் நினைத்தேன்; உன் பிள்ளை ஆயிற்றே. பிறகு ஒருநாள் தலை பின்னும்போது காதிலிருந்து ஒரு நாற்றம். டாக்டரிடம் போனால், இரண்டு நடுக்காதிலும் தோல் வளர்ந்து எலும்பை அரித்துக்கொண்டிருக்கிறதாம். அவள் நம் உதட்டைப் பார்த்துத்தான் இவ்வளவு நாளும் பேசியிருக்கிறாள். படுக்கும்போது விளக்கை அணைத்தால் அவள் ஏன் அழுகிறாள் என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. விளக்கு அணைந்தால் அவளுக்குப் பேச்சும் அணைந்துவிடுகிறது.

"ஆபரேஷன் பண்ணிடலாம். தள்ளிப்போட்டா காதோட நிக்காது, உள்ள மூளைக்குப் போயிடும். நீங்க அம்மாவா?" என்று கேட்டார்.

"அத்தை."

"அப்ப அப்பா கையெழுத்து வேணும். அத்தை கையெழுத்து செல்லாது."

ஏழு வருஷமாக எல்லாவற்றுக்கும் செல்லுபடியான அத்தை, இதற்கு மட்டும் செல்லவில்லை. சம்மதப் படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு மறுதபாலில் அனுப்பு. முடிந்தால் நீயும் வா. வர முடியாவிட்டால் அவள் பெயருக்கு ஒரு கடிதமாவது எழுது. அவளுக்குப் படிப்பது இப்போது ரொம்பப் பிடிக்கிறது.

உன் அக்கா


மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

'தொடுதல்!' அக்கா, நீ எனக்கு எழுதி அனுப்பியது ஒரு சொல்லின் பொருள் இல்லை. ஒரு முழுப் பிரசங்கம். பராமரிக்கிற தெய்வம் தூரத்தில் நின்று பார்க்கிற தெய்வம் இல்லை, கையால் தொடுகிற தெய்வம் என்றேன். அரங்கத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். (மயிர் சமாச்சாரத்தை விட்டுவிட்டேன்.)

பிறகு என் சொந்தக் கதையைச் சொன்னேன். மனைவியைப் புதைத்த கையோடு, இரண்டு வயதுக் குழந்தையை ஏந்திக்கொண்டு நின்ற ஒரு மனிதன். ஒரு பக்கம் ஊழியத்துக்கு அழைப்பு. மறு பக்கம் இந்தப் பிஞ்சு. அவன் கண்ணை மூடிக்கொண்டு குழந்தையை ஆண்டவர் கையில் கொடுத்துவிட்டுப் புறப்பட்டான். ஆண்டவர் அவளை ஏந்திக்கொண்டார். அழாதவர்கள் இல்லை. ஒரு பெரியவர் மேடைக்கே வந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

வாண்டுவின் காது விஷயம் என்னை உலுக்கிவிட்டது. அதையும் சபையில் சொன்னேன். எல்லோரும் எழுந்து நின்று ஜெபித்தார்கள். அப்போது என் உள்ளங்கையில் ஒரு சூடு பரவியது, அக்கா. நீ சிரிப்பாய். ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது, எல்லாம் சரியாகிவிடும். படிவம் மேசைமேல் இருக்கிறது. கத்திக்கு அவசரப்பட வேண்டாம் என்று மனதில் படுகிறது. இன்னும் கொஞ்ச நாள் பொறு. அவர் பார்த்துக்கொள்வார்.

அவளுக்குத் தனியாக எழுத நேரமில்லை. என் முத்தங்களைக் கொடு.

உன் அன்புத் தம்பி


மார்ச் 27

அன்புள்ள தம்பிக்கு,

பிரசங்கம் நன்றாக நடந்ததில் சந்தோஷம். ஒரு சந்தேகம் மட்டும். நீ குழந்தையை ஆண்டவர் கையில் கொடுத்ததாகச் சொன்னாயே, எனக்கு நினைவிருப்பது வேறு மாதிரி. நான் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தேன். நீ பெட்டியோடு வாசலில் நின்றாய். "ஆறு மாசம்தான்க்கா, பாத்துக்க" என்று அவளை என் இடுப்பில் உட்காரவைத்தாய். அவள் என் தலைத் துண்டை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அந்தக் கதையில் நான் எங்கே போனேன்? ஓரமாகச் செருப்பு அடுக்குகிறவளாகவாவது வந்திருக்கலாமே.

நான் தியாகி இல்லை. வாண்டு வந்த பிறகுதான் இந்த வீட்டில் மனிதச் சத்தமே கேட்டது. என்னைப் பெண் கேட்டவர் "குழந்தையோட சரிப்படாது" என்று போனார். போனதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை. நன்றியும் கேட்கவில்லை. என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வேறு பெயரைப் போட்டு, அதற்கு நீ கைதட்டு வாங்குவதுதான் தொண்டையில் சிக்குகிறது.

'பார்த்துக்கொள்வார்' என்று எழுதியிருக்கிறாய். தொழில் புத்தி, சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தச் சொல்லில் முதலில் வருவது 'பார்த்து'. பார்க்காத ஒருவரால் எப்படிப் பார்த்துக்கொள்ள முடியும்? நீ அவளைப் பார்த்து மூன்று வருஷம் ஆகப்போகிறது.

இடது காதில் இப்போது சீழோடு ரத்தமும் வருகிறது. தலையணை உறையைத் தினமும் மாற்றுகிறேன். உள்ளங்கைச் சூட்டைக் கொஞ்சம் பேனாவுக்குக் கொடுத்துப் படிவத்தில் கையெழுத்துப் போடு. காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன்.

உன் அக்கா


ஏப்ரல் 24

தம்பிக்கு,

என் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பதிலுக்குப் பதிலாக விருந்தாளிகள் வந்தார்கள்.

உன் சபைக்காரர்கள். நடுத்தர வயதுக் கணவனும் மனைவியும். விடுமுறைக்கு இந்தப் பக்கம் வந்தார்களாம். முகவரியை உன் அலுவலகப் பையனிடம் வாங்கினார்களாம். நீ அனுப்பவில்லை என்று எனக்குத் தெரியும். உனக்குத் தெரிந்திருந்தால் தடுத்திருப்பாய். கையில் பெரிய பொட்டலம். அந்த அம்மா செருப்பைக் கழற்றும்போதே, "எங்க எங்க அற்புதக் குழந்தை?" என்று கேட்டார். நான் ஏதோ பிரியத்தில் சொல்கிறார் என்று நினைத்து உள்ளே கூப்பிட்டேன்.

வாண்டு ஜன்னலோரம் முதுகைக் காட்டிக்கொண்டு கலர் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

"செல்லம்!" என்றார் அந்த அம்மா. அவள் திரும்பவில்லை.

"செல்லக்குட்டி, யாரு வந்திருக்காங்க பாரு!"

சீவிய தூளை ஊதிவிட்டு, அடுத்த பென்சிலை எடுத்தாள்.

"பாருங்களேன், வெளையாட்டு காட்றா" என்று சிரித்தார். அவர் கணவர் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே ஒரு பொம்மைப் பியானோ. காது கேட்கிற குழந்தைக்கு வேறென்ன வாங்குவார்கள்? அவளுக்குப் பின்னால் தரையில் வைத்து ஒவ்வொரு கட்டையாக அழுத்தினார். நான் தண்ணீர் டம்ளரோடு நின்றேன். அவள் தோளைத் தொட்டிருக்கலாம். தொடவில்லை. ஏன் தொடவில்லை என்று இன்னும் யோசிக்கிறேன். அவர்கள் பார்க்கட்டும் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

அவர் அழுத்திக்கொண்டே இருந்தார். கடைசிக் கட்டைவரை போய்விட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அந்த அம்மாவின் சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கிப்போனது.

சீவிய தூளைக் கொட்ட எழுந்தபோதுதான் வாண்டு திரும்பினாள். எல்லோரையும் பார்த்தாள். அவளுக்கே உரிய அந்த உரத்த குரலில், "எனக்குக் காது கேக்காது. முன்னால வந்து பேசுங்க" என்றாள்.

அவர் பியானோவிலிருந்து கையை எடுத்தார்.

"நீங்க அப்பா ஊர்ல இருந்தா வர்றீங்க? அப்பாவ கையெழுத்துப் போடச் சொல்லுங்க. டாக்டர் கேக்கறாரு."

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கணவர்தான் என்னிடம் சொன்னார். குற்றம் சாட்டுகிற மாதிரி இல்லை; வழி தப்பியவர் விசாரிப்பதுபோல. "பாஸ்டர் மேடையில சொன்னாரேம்மா. கொழந்தைக்குக் கேக்குதுன்னு. நாங்கெல்லாம் எந்திரிச்சு கை தட்டினோமே."

இதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எழுது. நான் தண்ணீரைக் கொடுத்தேன். குடிக்காமல் போய்விட்டார்கள்.

அவர்கள் போன பிறகு வாண்டு கேட்டாள்: "அப்பாவுக்கு எனக்குக் கேக்காதுன்னு தெரியாதா அத்தை?"

அக்கா


மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே அவர்கள் வந்துவிட்டார்கள். மூப்பர்கள் என்னைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டார்கள். நான் பட்ட அவமானத்தை எழுத வார்த்தை இல்லை.

நீ நினைப்பதுபோல் நான் பொய் சொல்லவில்லை. அந்த ஜெபத்துக்கு அடுத்த ஞாயிறு, கூட்டம் முடியும்போது ஒருவர், "குழந்தை இப்ப எப்படி இருக்கா பாஸ்டர்?" என்று கேட்டார். "நன்றாக இருக்கிறாள்" என்றேன். விசுவாசத்தோடு சொன்னேன். "கேக்குதா?" என்றார் இன்னொருவர். அரங்கமே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் மேடையில் நின்றிருந்தால்தான் உனக்குப் புரியும். தலையை அசைத்தேன். அவ்வளவுதான். மிச்சத்தை அவர்களே செய்துகொண்டார்கள்.

அக்கா, நீ சமாளித்திருக்கலாம். 'இன்றைக்குக் கொஞ்சம் சளி' என்று ஒரு வார்த்தை போதுமே. அவர்கள் எதிரிலேயே குழந்தையை அப்படிப் பேசவிட்டாயே.

இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நீ மூப்பர்களுக்கு ஒரு கடிதம் எழுது: மார்ச்சில் அவளுக்குக் கேட்டது, பிறகு சளியால் மறுபடி குறைந்துவிட்டது என்று. நீ படித்தவள், அகராதி அலுவலகத்தில் இருக்கிறவள். உன் வார்த்தைக்கு மதிப்பு உண்டு. அது வந்தால் ஆபரேஷனுக்கும் வழி பிறக்கும். இந்த நிலையில், அது இல்லாமல் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் நானே என்னைப் பொய்யன் என்று அறிவித்ததாகிவிடும். நானூறு பேரின் விசுவாசம் இதில் தொங்குகிறது.

என்னைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

உன் தம்பி


மே 14

தம்பிக்கு,

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சரியாகவே எடுத்துக்கொண்டேன்.

சொற்களுக்குப் பொருள் எழுதுவது என் பிழைப்பு. ஒரு சொல்லுக்கு இல்லாத பொருளை இதுவரை எழுதினதில்லை. காற்புள்ளி இடம் மாறினாலே எனக்குச் சோறு இறங்காது. ஆனாலும் நீ கேட்ட கடிதத்தை எழுதித் தருகிறேன். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் என் நாணயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்?

ஆனால் சும்மா இல்லை. இதோடு இரண்டு தாள்கள் இருக்கின்றன. ஒன்று உனக்குத் தெரிந்த படிவம். நீ தொலைத்திருப்பாய் என்று புதிதாக வாங்கினேன். மற்றது வக்கீல் எழுதியது. வாண்டுவுக்கு இனி நான்தான் சட்டப்படி காப்பாளர், உனக்கு அவள்மேல் எந்த உரிமையும் இல்லை, இதை நீயே மனமுவந்து கொடுக்கிறாய் என்று அதில் இருக்கிறது. நன்றாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு. பிறகு கோர்ட்டில், 'படிக்காமல் போட்டேன்' என்று சொல்லக் கூடாது.

இரண்டும் என் கைக்கு வந்த அன்று என் கடிதம் உன் மூப்பர்களுக்குப் புறப்படும். ஏன் இந்த வரிசை என்று கேட்காதே.

உனக்கு மகள் வேண்டுமென்றால் இரண்டாவது தாளைக் கிழித்துவிட்டு அடுத்த வண்டியைப் பிடித்து இங்கே வா. வந்து டாக்டர் முன்னால் நின்று கையெழுத்துப் போடு. நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். சோறு போட்டு, பாய் விரித்து, பழையபடி உன் அக்காவாக இருப்பேன். சத்தியமாக, நீ அதைச் செய்தால் நன்றாக இருக்கும் என்று இதை எழுதும்போதுகூட நினைக்கிறேன்.

அக்கா


மே 29

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டிலும் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

இரண்டாவது தாளில் கை நின்றது. வெகுநேரம் மண்டியிட்டேன். எல்லாம் காகிதத்தில்தானே, ரத்தம் எங்கே போய்விடும் என்று ஒரு சமாதானம் கிடைத்தது. அவள் எப்போதும் என் மகள்தான். அவளை மறுபடியும் ஆண்டவர் கையில் கொடுக்கிறேன்.

இரண்டு சின்ன விஷயம். மூப்பர்களுக்கு எழுதும் கடிதத்தில் 'நன்றாகக் கேட்டது' என்பதைவிட 'முழுமையாகக் கேட்டது' என்று இருந்தால் நல்லது. தேதியை ஏப்ரல் முதல் வாரமாகப் போட்டுவிடு. அவர்கள் அங்கே வருவதற்கு முன்பே நீ எழுதியதாக இருக்கட்டும், தபாலில் தாமதமானதாகச் சொல்லிக்கொள்கிறேன். புத்தகம் அச்சுக்குப் போகிறது, அதனால் சீக்கிரம்.

உன் அன்புத் தம்பி


அக்டோபர் 3

தம்பிக்கு,

நீ கேட்ட கடிதம் கேட்டபடியே போனது. 'முழுமையாக' என்றே எழுதினேன். ஏப்ரல் தேதியே போட்டேன். அது போய்ச் சேர்ந்தது என்று உன் மூப்பர்கள் எனக்கு நன்றி எழுதியிருந்தார்கள். நீ எழுதவில்லை.

நீ கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியது என் கடமை என்பதால் எழுதுகிறேன். ஆபரேஷன் ஜூனில் நடந்தது. வலது காதைக் காப்பாற்றிவிட்டார்கள். அரிக்கப்பட்ட எலும்புக்குப் பதிலாக ஏதோ சின்னதாக வைத்திருக்கிறார்கள். கட்டுப் பிரித்தபோது ஒன்றும் தெரியவில்லை. மெல்ல மெல்லத்தான் வந்தது. இப்போது பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புகிறாள். குழாய் சொட்டினால் எழுந்துபோய் மூடுகிறாள். நான் மூக்கை உறிஞ்சுவது இவ்வளவு அசிங்கமான சத்தமா என்று கேட்கிறாள்.

இடது காது போய்விட்டது. அரிப்பு உள்காதுவரை இறங்கியிருந்தது. "ரெண்டு மூணு மாசம் முன்னால வந்திருந்தா இதையும் காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டர். யாரையும் குறை சொல்கிற மாதிரி அவர் சொல்லவில்லை. கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

கோர்ட் வேலையும் முடிந்தது. நீ ஆட்சேபிக்கிறாயா என்று கேட்டு நீதிபதி உனக்கு அனுப்பிய நோட்டீஸுக்கு நீ பதிலே போடாததால் சீக்கிரமே முடிந்தது.

உன் புத்தகம் போன வாரம் வந்தது. அட்டையில் உன் படம் நன்றாக இருக்கிறது. கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறாய். நான் உறையைப் பிரிப்பதற்குள் வாண்டு பிடுங்கிக்கொண்டாள். இப்போது எதைக் கண்டாலும் படிக்கிறாள். ஊஞ்சல் பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு அந்த மூன்றாம் அத்தியாயத்தை முழுசும் படித்தாள். தாயில்லாத குழந்தை, ஊழியத்துக்குப் போன அப்பா, ஏந்திக்கொண்ட கை, திறந்த காதுகள், எல்லாம். நீ அதில் அவள் பெயரைப் போடவில்லை. அவள் படிப்பதை நான் தடுக்கவில்லை. தடுத்திருக்க வேண்டுமோ என்னவோ.

"அத்தை, இதுல வர்ற பொண்ணுக்கு ரெண்டு காதும் கேக்குதா?"

"ஆமா."

"அவ அப்பா திரும்பி வந்துடுவாரா?"

"அது இதுல போடலையே."

பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். அடுத்த அத்தியாயம் வேறு யாரைப் பற்றியோ இருந்தது.

"கொடுத்து வச்சவ" என்றாள். மூடி என்னிடம் கொடுத்துவிட்டு வீட்டுப்பாடம் எழுதப் போய்விட்டாள்.

வாண்டுவின் அத்தை